எடியஸிலிருந்து ரிசால்வுக்கு: படம் பாதியில் இருக்கும்போது மாறலாமா?

குடமுருட்டி (பாபநாசம்)

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல கல்யாண வீடியோ எடுத்து, எடிட் பண்ணிப் பிழைக்கிறவன் நான். முகூர்த்தம் இல்லாத நாள்ல நரசிங்கம்பேட்டைக்குப் போய் நாகஸ்வரம் கடையுற பட்டறைகளைப் படம் பிடிச்சிக்கிட்டு வந்தேன். ஆச்சா மரத்தை அறுக்கறதுல ஆரம்பிச்சு, அணசு (நுனியில விரியற வாய்ப்பகுதி) பூட்டி ஊதிப் பாக்கறது வரைக்கும் கையில இருக்கு. 2022ல புவிசார் குறியீடு கிடைச்சதுக்கப்புறம் பட்டறைல என்ன மாறுச்சு, என்ன மாறலங்கறதுதான் படம்.

மொத்த ஃபுட்டேஜ் சுமாரா 40 மணி நேரம். ரஃப் கட் (முதல் தொகுப்பு) 95 நிமிஷம் நிக்குது, 70க்குள்ள கொண்டு வரணும். எடிட் முழுக்க எடியஸ்ங்கற சாஃப்ட்வேர்ல. கலர் பண்ணணும்னு (ஷாட்டோட நிறத்தையும் வெளிச்சத்தையும் சீர்படுத்தறது) பேச்செடுத்ததும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "எல்லாத்தையும் டா வின்சி ரிசால்வுக்குத் தூக்கிட்டுப் போயிடு"ங்கறார் ஒருத்தர். என்கிட்ட வேலை பாக்கற தம்பிக்கு பிரீமியர்தான் தெரியும், அவன் அங்க இழுக்கறான். மேக் வாங்கி ஃபைனல் கட் போடுன்னு சொல்றவங்களும் உண்டு, பணம் அவங்க தருவாங்களான்னு கேட்டாச்சு.

கேமரா கேனன் ஆர்6, சி-லாக் (பின்னாடி கலர் பண்ணத் தோதா வெளுப்பா பதியற முறை), செகண்டுக்கு 25 ஃப்ரேம். சில ஷாட் போன்ல. சவுண்டு தனி ரெக்கார்டர்ல. மெஷின் 11ஆம் தலைமுறை ஐ7, 32 ஜிபி ரேம், 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. இப்போ மாறலாமா?

டெல்டா24 (திருவாரூர்)

மாறுங்க தோழர், யோசிக்கவே வேணாம். ரிசால்வ் இலவசம். கட், கலர், சவுண்டு, கிராஃபிக்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. எடியஸை இன்னும் யார் வெச்சிருக்கா?

வடவாறு (மன்னார்குடி)

நான் வெச்சிருக்கேன் தம்பி. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்க, எடிட்டிங் போடுற கடையில பாதி அதுலதான் ஓடுது. கேனோபஸ் கார்டு போட்டு டேப்பை ஏத்தின காலத்துலேர்ந்து அதுல உக்காந்திருக்கேன். மாப்பிள்ளை அழைப்பு ஒரு கேமரா, முகூர்த்தம் மூணு கேமரா, பொண்ணோட மாமா போன்ல எடுத்தது, ட்ரோன், எல்லாம் வேற வேற ஃபார்மட். அப்படியே டைம்லைன்ல கொட்டி, ரெண்டர் பண்ணாம ப்ளே அழுத்தினா ஓடும். மூணு மணி நேரக் கல்யாணத்தை ரெண்டு நாள்ல குடுக்கணும்னா அதுக்கு ஈடு கிடையாது.

ஆனா குடமுருட்டி, கலர் விஷயத்துல எடியஸை வெச்சு மல்லுக்கட்ட வேணாம். அதுல உள்ளதைக் கல்யாணத்துக்கு வெச்சிக்கலாம். சி-லாக்ல எடுத்த படத்துக்கு, பட்டறைல ஓட்டு வழியா விழற வெயிலும் உள்ள இருக்கற இருட்டும் ஒரே ஃப்ரேம்ல நிக்கிற ஷாட்டுக்கு, அது பத்தாது.

என் கட்சி இதுதான்: பாதிப் படத்துல வண்டியை மாத்தாதீங்க. மாத்தணும்னா ஆடியில மாத்துங்க. ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது, கடை சும்மா கிடக்கும். ஒரு பழைய கல்யாண ஹைலைட்ஸை எடுத்து புதுசுல முதல்லேர்ந்து வெட்டிப் பாருங்க. கஸ்டமர் காத்திருக்காத வேலையில கை பழகணும்.

வெட்டிவேலை (சென்னை, சொந்த ஊர் வலங்கைமான்)

சினிமாவுல அசிஸ்டென்ட் எடிட்டரா இருக்கேன். அவிட்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்லயும் வேலை பாக்கறேன், பிரீமியர்லயும் பாக்கறேன், டிஐக்கு (கடைசிக் கலர் வேலைக்கு) ரிசால்வ் ப்ராஜெக்ட் தயார் பண்றதும் என் வேலைதான். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

எந்த சாஃப்ட்வேர் நல்லதுங்கற கேள்வியை ஓரமா வெச்சிட்டு, கட் முடிஞ்சதும் படம் யார் கைக்குப் போகுதுன்னு பாருங்க. கலர் நீங்களே பண்ணப் போறீங்களா, வெளியில ஒருத்தரா? சவுண்டு மிக்ஸ் எங்க? தியேட்டர்ல போடணுமா, ஃபெஸ்டிவலா, யூடியூபா? பழைய ஷார்ட்கட் விரல்லேர்ந்து போய்ப் புதுசு ஒட்டிக்க ஒரு மாசம் ஆகும், அவ்வளவுதான். காசும் தூக்கமும் போறது இந்தக் கைமாத்துலதான்.

கைமாத்து எப்படி நடக்கும்னா, ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து இன்னொண்ணுக்கு டைம்லைனை எக்ஸ்எம்எல், ஏஏஎஃப், ஈடிஎல்னு ஒரு ஃபைலா அனுப்புவோம். அதுக்குள்ள படம் கிடையாது. எந்த க்ளிப்பு, எந்த டைம்கோடுலேர்ந்து (ஃப்ரேமோட நேர எண்) எது வரைக்கும், எந்த ட்ராக்குலங்கற கணக்கு மட்டும்தான் இருக்கும். பிரீமியர்லேர்ந்து ரிசால்வுக்கு எக்ஸ்எம்எல் நல்லாவே போகும். எடியஸ்லேர்ந்து போகணும்னா ஏஏஎஃப். ஈடிஎல் டேப் காலத்துச் சங்கதி, ஒரே ஒரு வீடியோ ட்ராக்தான் தாங்கும், ஆனா அவசரத்துக்குக் காப்பாத்தும்.

நேர் கட் வரும். சாதா டிசால்வ் (ஒரு ஷாட் கரைஞ்சு அடுத்தது வர்றது) வரும். ஒரே வேகத்துல மெதுவாக்கினது பெரும்பாலும் வரும். வேகம் ஏறி இறங்கற ராம்ப், நெஸ்ட் பண்ணின (ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெச்ச) சீக்வென்ஸ், டைட்டில், ஸ்டெபிலைஸ் பண்ணினது, ப்ளக்-இன், நீங்க ஏற்கெனவே போட்ட கலர், இதெல்லாம் வராது, இல்லேன்னா உருமாறி வரும். 95 நிமிஷ ரஃப் கட்டை இப்போ தூக்கிட்டுப் போனீங்கன்னா, இந்த உடைஞ்சதையெல்லாம் ஒட்டவெச்சு முடிச்சப்புறம்தான் திரும்பவும் வெட்ட ஆரம்பிப்பீங்க. அதுல 25 நிமிஷம் எப்படியும் குப்பைக்குப் போகப் போகுது. குப்பைக்குப் போறதையும் சேர்த்து எதுக்கு ஒட்டவெக்கணும்?

அதனால எடியஸ்லயே 70 நிமிஷத்துக்குக் கொண்டு வாங்க. பிக்சர் லாக் பண்ணுங்க, அதாவது இனி கட்டுல கை வெக்கறதில்லன்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் கலருக்கு மட்டும் ரிசால்வ்.

டெல்டா24

அவிட் ஆளுங்க எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவாங்க 😀 ரிசால்வ்லயே வெட்டி, ரிசால்வ்லயே கலர் பண்ணினா இந்த எக்ஸ்எம்எல் தலைவலியே இல்லையே? கலர் பண்ணிக்கிட்டு இருக்கும்போது ஒரு ஷாட் நீளமா தெரிஞ்சா, எடிட் பக்கம் போய் வெட்டிட்டு வந்துடலாம்.

வெட்டிவேலை

அது நிஜம், மறுக்கல. அடுத்த படத்துக்கு அதைத்தான் சொல்வேன். ஒரே ஆளா உக்காந்து எல்லாத்தையும் பண்றவங்களுக்கு அந்தச் சௌகரியம் பெரிசு. ஒரு காலத்துல டா வின்சிங்கறது லட்சக்கணக்கான டாலர் விலையில ஸ்டுடியோக்கள்ல மட்டும் இருந்த கலர் மெஷின். 2009ல பிளாக்மேஜிக் அந்தக் கம்பெனியை வாங்கினப்புறம்தான் நம்ம மேஜைக்கு இறங்கி வந்துச்சு. 2017ல சவுண்டுக்கு ஃபேர்லைட் சேர்ந்துது, 2018ல கிராஃபிக்ஸுக்கு ஃப்யூஷன். கலர் மெஷினா பொறந்து எடிட்டரா வளர்ந்தது. அதனால கலர் பக்கம் அதுக்குத் தாய்வீடு மாதிரி, எடிட் பக்கம் புகுந்தவீடு.

அவிட் பத்தி ஒரு வார்த்தை. நாலு பேர் ஒரே ஸ்டோரேஜ்லேர்ந்து ஒரே படத்தைத் தொடும்போது, ஒருத்தர் திறந்திருக்கற 'பின்'னை (க்ளிப்பு, கட் வெச்சிருக்கற ஃபோல்டர்) மத்தவங்க பாக்கலாம், மாத்த முடியாது. அந்தக் கட்டுப்பாட்டுக்காகத்தான் பெரிய படங்கள் இன்னும் அதை விடல. ஒரு அண்ணனும் ஒரு தம்பியும் இருக்கற கடைக்கு அது வேண்டாத செலவு.

சீவாளி (திருவையாறு)

நான் சவுண்டு ஆள். ஆராதனைக் கச்சேரிலேர்ந்து கோயில் கும்பாபிஷேகம் வரைக்கும் பதிவு பண்றேன். எல்லாரும் கலர் கலர்னு பேசறீங்க, இந்தப் படத்துல உசிரு நாகஸ்வரம். குடமுருட்டி, 25 ஃப்ரேம்ல எடுத்திருக்கேன்னு போற போக்குல சொல்லிட்டீங்க. அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

தியேட்டருக்குப் போற டிஜிட்டல் பிரதி, அதான் டிசிபி, வழக்கமா 24 ஃப்ரேம். 25ல போடற வசதி புதிய முறை டிசிபியில இருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் ஓடும்னு நம்பிப் போக முடியாது. 25ஐ 24 ஆக்கணும்னா சுத்தமான வழி, ஒவ்வொரு ஃப்ரேமையும் அப்படியே வெச்சுக்கிட்டு மொத்தப் படத்தையும் 4 சதவீதம் மெதுவா ஓட்டறது. படத்துக்கு ஒண்ணும் தெரியாது. சவுண்டையும் அதே மாதிரி இழுத்தா சுருதி இறங்கும். எவ்வளவுன்னா, அரைக்கட்டைக்குக் (கட்டைங்கறது சுருதி அளவு) கொஞ்சம் குறைவா. ரெண்டரைக் கட்டை நாகஸ்வரம் ரெண்டும் இல்லாம ரெண்டரையும் இல்லாம நடுவுல தொங்கும். பேச்சா இருந்தா குரல் கொஞ்சம் கனமாச்சுன்னு விட்டுடலாம். உங்க படத்துல பட்டறைக்காரர் துளையை இழைச்சு இழைச்சு சுருதி சேர்க்கறதைக் காட்டப் போறீங்க. அதைக் காட்டிட்டு, கேக்கறவங்களுக்குத் தப்பான சுருதியைக் குடுக்கறதா?

சுருதி இறங்காம நீட்டற வசதி எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கு. பேச்சுக்கு ஓகே. நாகஸ்வரத்தோட கார்வையிலயும் தவிலோட தட்டுலயும் அது ஒரு மினுமினுப்பைக் கொண்டு வந்து சேர்க்கும், காது பழகினவங்களுக்கு உடனே தெரியும். நல்ல ப்ளக்-இன் வெச்சு, இசை வர்ற இடத்தைத் தனியா, ஒவ்வொண்ணா பண்ணணும். அது மிக்ஸிங் ஸ்டுடியோ வேலை.

இன்னொண்ணு, 24ஐயும் 23.976ஐயும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. வித்தியாசம் ஆயிரத்துல ஒண்ணுதான். 70 நிமிஷப் படத்தோட கடைசியில அது 4 செகண்டு விலகலா வந்து நிக்கும்.

ரிசால்வ்ல ஒரு விஷயம் கவனிங்க: ப்ராஜெக்டுக்குள்ள மீடியா வந்தப்புறம் ஃப்ரேம் ரேட்டை மாத்த விடாது. முதல் க்ளிப்பைப் போடும்போது "மாத்தவா?"ன்னு ஒரு கேள்வி கேக்கும். பாதிப் பேர் படிக்காம அழுத்திடுவாங்க.

குடமுருட்டி

சீவாளி அண்ணே, இது எனக்குத் தோணவே இல்ல. தியேட்டர்ல போடற ஆசை இல்லேன்னு சொன்னா பொய். முதல்ல ஃபெஸ்டிவலுக்குத்தான் அனுப்பணும். பிறகு யூடியூப்.

போன்ல எடுத்த ஷாட்ல போகப் போக சவுண்டு உதட்டோட ஒட்டாம விலகுது. அதுவும் இதே கதையா?

கோடியக்கரை (வேதாரண்யம்)

அது வேற கதை. நான் செய்தி வீடியோ பண்றவன். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப ஊர்க்காரங்க போன்ல எடுத்ததுதான் எங்க பக்கத்துக்கு ஆவணம். போன் கேமரா பெரும்பாலும் ஒரே சீரான ஃப்ரேம் ரேட்ல எழுதாது. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி கூட்டிக் குறைச்சுக்கும். மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல க்ளிப்பைத் திறந்து பாருங்க, 'வேரியபிள்'னு போட்டிருக்கும். ஹேண்ட்பிரேக் இல்லேன்னா ஷட்டர் என்கோடர்ல கான்ஸ்டன்ட் 25னு மாத்தி எடுத்துட்டு, அதை மட்டும் டைம்லைன்ல போடுங்க. எடிட்டுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை. இப்போ செஞ்சாலும் பரவாயில்ல, பேச்சு வர்ற ஷாட்டுக்கு மட்டுமாவது செஞ்சுடுங்க.

அப்புறம் அந்த "ரிசால்வ் இலவசம்"ங்கற பேச்சு. இலவசம்தான், வாட்டர்மார்க் கிடையாது, 3840க்கு 2160 வரைக்கும் 60 ஃப்ரேம்ல எக்ஸ்போர்ட் ஆகும். கல்யாணத்துக்கும் யூடியூபுக்கும் தாராளம். ஆனா ஆர்6 சி-லாக்ல எழுதறது 10 பிட் 4:2:2 எச்.265 (நிற விவரம் நிறைய வெச்சு, இறுக்கிச் சுருக்கின ஃபைல்). விண்டோஸ்ல இலவசப் பதிப்பு அங்கதான் கை விரிக்கும். சவுண்டு மட்டும் வரும், படம் வராது. அதுக்கு ஸ்டுடியோ பதிப்பு வேணும், 295 டாலர், ஒரே தடவை கட்டினாப் போதும். இருட்டு ஷாட்டுல புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸை எடுக்கற டூலும் அதுலதான்.

ஸ்டுடியோ வாங்கினாலும் இதை டிகோட் பண்ற (சுருக்கினதைப் பிரிச்சுக் காட்டற) சில்லு மெஷின்ல இருக்கணும். உங்க 11ஆம் தலைமுறை இன்டெல்லோட உள் கிராஃபிக்ஸ் அதைச் செய்யும், பயாஸ்ல (மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) அது அணைஞ்சிருந்தா மட்டும் உயிர்ப்பிச்சுடுங்க. தனி கார்டு பெரிசா இருந்தா போதும்னு நினைச்சு நிறையப் பேர் காசைக் கரியாக்கறாங்க. என்விடியாவுல 50 வரிசைக்கு முன்னாடி வந்த கார்டு எதுவும் இந்த 4:2:2ஐத் தொடாது.

பணம் இப்போ வேணாம்னா டிஎன்எக்ஸ் ஃபார்மட்ல ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் வெச்சுக்கற இலகுவான நகல்) போட்டுக்கோங்க. 1080ல செகண்டுக்கு 36 மெகாபிட் உள்ளது மணிக்கு 16 ஜிபி. உங்க 40 மணி நேரத்துக்கு 650 ஜிபி. ஒரு 1 டிபி டிஸ்க்ல முடிஞ்சுது.

வடவாறு

650 ஜிபியை ஒரே டிஸ்க்ல வெச்சிட்டு ஐப்பசி கார்த்திகையில மழையோட மழையா உக்காராதீங்க. ரெண்டு டிஸ்க், ரெண்டும் வேற வேற வீட்டுல. யூபிஎஸ் பேட்டரியையும் பாத்துக்கோங்க.

ரிசால்வ் பத்தி எங்க கடைப் பையன்கிட்ட ஒண்ணு கவனிச்சேன். எடியஸ்ல, பிரீமியர்ல ப்ராஜெக்டுன்னா ஒரு ஃபைல். ஃபோல்டரைக் காப்பி பண்ணினா கூடவே வந்துடும். ரிசால்வ்ல ப்ராஜெக்டு தனியா ஒரு லைப்ரரிக்குள்ள உக்காந்திருக்கும், உங்க ஃபுட்டேஜ் ஃபோல்டர்ல தேடினா கிடைக்காது. சி டிரைவை ஃபார்மட் அடிச்சா படத்தோட கட் மொத்தமும் போச்சு. தினமும் ராத்திரி ப்ராஜெக்டை டிஆர்பி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி ஃபுட்டேஜ் டிஸ்க்லயே போட்டு வைக்கச் சொல்லுங்க உங்க தம்பியை.

அப்புறம் தமிழ் எழுத்து! யாருமே பேசலயே. பாமினி எழுத்துரு காலத்துலேர்ந்து பட்ட பாடு. யூனிகோடுல அடிச்சா கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். இப்போ என்ன நிலைமை?

வெட்டிவேலை

பிரீமியர்ல செட்டிங்ஸ்ல கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போனா, தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்குன்னு ஒரு டெக்ஸ்ட் இன்ஜின் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா கொம்பு எல்லாம் ஒழுங்கா உக்காரும். மத்த சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும், வாங்கறதுக்கு முன்னாடி டைட்டில்ல 'கொ, கௌ, ஸ்ரீ'ன்னு அடிச்சுப் பாத்துடுங்க. ரிசால்வ்ல டைட்டில் போட ரெண்டு டூல் இருக்கு, ரெண்டுலயும் தனித்தனியா அடிச்சுப் பாருங்க. சரியா வரலேன்னா ஃபோட்டோஷாப்ல அடிச்சு, பின்னணி இல்லாத பிஎன்ஜியா கொண்டு வந்து வெச்சா முடிஞ்சுது. பட்டறைக்காரங்க பேர் டைட்டில்ல வருதில்ல, அதுல ஒரு கால் நகர்ந்தாலும் ஊர்ல தலை காட்ட முடியாது.

சப்டைட்டிலுக்கு எஸ்ஆர்டி ஃபைலை யூடிஎஃப்-8ல (தமிழ் எழுத்து உடையாத முறை) சேவ் பண்ணுங்க. ஃபெஸ்டிவலுக்கு அனுப்பற படத்துல சப்டைட்டிலை எரிச்சு (படத்தோடவே பதிச்சு) ஒண்ணு, எரிக்காம ஒண்ணுன்னு ரெண்டு வெச்சுக்கோங்க.

அரிசிலாற்றங்கரை (கும்பகோணம்)

மேக் ஆள் ஒருத்தன் இருக்கேன், ஃபைனல் கட்டை ஓரமா தள்ளிட்டீங்களே. 40 மணி நேரப் பேட்டி, ஷாட்டை கீவேர்டு போட்டுப் பிரிச்சு வெக்கறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல. ஒரே தடவைதான் பணம். காந்த டைம்லைன் (க்ளிப்பு தானா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறது) முதல்ல எரிச்சலா இருக்கும், பழகினா விட மனசு வராது.

வடவாறு

2011ஐ மறந்துட்டீங்களா? ஆப்பிள் பழைய ஃபைனல் கட்டை நிறுத்திட்டுப் புதுசை விட்டப்ப, பழைய ப்ராஜெக்டு புதுசுல திறக்கவே இல்ல. மல்டிகேமே (பல கேமரா ஷாட்டைச் சேர்த்து வெட்டற வசதி) அடுத்த வருஷம்தான் வந்துது. அந்தக் கோவத்துலதான் ஏகப்பட்ட பேர் பிரீமியருக்கு ஓடினாங்க. ரெண்டு வருஷத்துல, பிரீமியரை விக்கற அடோபி சந்தா முறைக்கு மாறிடுச்சு, அங்க ஓடினவங்க மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்காங்க.

அரிசிலாற்றங்கரை

மறக்கல. ஆனா 2019ல கேன்ல பெரிய விருது வாங்கி, மறு வருஷம் ஆஸ்கரும் வாங்கின 'பாரசைட்'ங்கற கொரியப் படத்தை வெட்டினது, 2011ல நிறுத்தின அதே பழைய ஃபைனல் கட் 7லதான். பத்து வருஷப் பழசு. அந்த எடிட்டர் அவசரப்பட்டு எங்கயும் ஓடல.

வடவாறு

அப்போ என் எடியஸ் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடறீங்க 😀

வெட்டிவேலை

சண்டை முடிஞ்சா வேலைக்கு வருவோம். குடமுருட்டி, லாக் ஆனதும் ரிசால்வுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி: எடியஸ்ல சீக்வென்ஸை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில மட்டும் கை வைங்க. மேல மேல ட்ராக்ல அடுக்கி வெச்சிருக்கற ஷாட்டை எல்லாம் முடிஞ்ச வரைக்கும் ஒரே ட்ராக்குக்கு இறக்குங்க. டைட்டிலை, ஃபில்டரை எடுத்துடுங்க. ராம்ப் போட்ட ஷாட்டைத் தனியா ரெண்டர் பண்ணி, புது க்ளிப்பா உள்ள வைங்க. அப்புறம் முழுப் படத்தையும் டைம்கோடு எரிச்ச ஒரு சின்ன ஃபைலா எடுங்க. ரிசால்வ்ல ஏஏஎஃப்பை இறக்கினதும் இந்த ஃபைலைப் பக்கத்துல வெச்சு கட் கட்டா ஒப்பிட்டுப் பாக்கணும். ஒரு ஷாட் ரெண்டு ஃப்ரேம் தள்ளி இருந்தாலும் அப்பவே பிடிச்சுடணும், கலர் முடிஞ்சப்புறம் பிடிச்சா அழுகைதான்.

ஏஏஎஃப் மக்கர் பண்ணினா ஒரு குறுக்கு வழி உண்டு. டைட்டில், கலர் எதுவும் இல்லாம முழுப் படத்தையும் 10 பிட் தாங்கற நல்ல கோடெக்ல (வீடியோவைச் சுருக்கி எழுதற முறை) ஒரே ஃபைலா எடுத்துடுங்க. ரிசால்வ்ல சீன் கட் டிடெக்‌ஷன்னு ஒரு டூல் இருக்கு, அதுவே கட் விழுந்த இடத்தை எல்லாம் கண்டுபிடிச்சு வெட்டிக் குடுக்கும். பட்டறைல சுத்தி அடிக்கும்போது வெளிச்சம் மின்னினாக்கூட கட்டுன்னு நினைச்சுக்கும், அதைக் கையால திருத்தணும். டிசால்வ் வர்ற இடத்துல ரெண்டு ஷாட்டும் கலந்தே இருக்கும், அங்க கலரைக் கீஃப்ரேம் (மாற்றம் தொடங்கற, முடியற ஃப்ரேமைக் குறிக்கறது) போட்டுத்தான் மாத்தணும். உங்க படத்துல டிசால்வ் எத்தனை?

குடமுருட்டி

விரல் விட்டு எண்ணிடலாம். கடைசல் ஓடற இடத்துல ரெண்டு, கோயில் கொடியேத்தத்துல ஒண்ணு. அப்போ அந்தக் குறுக்கு வழியே எனக்குப் போதும்போல.

முடிவு பண்ணிட்டேன். வைகாசி முகூர்த்தம் முடியற வரைக்கும் எடியஸ்லயே 70க்கு இறக்கறேன். டைம்லைன் 25லயே இருக்கட்டும், 24க்கு ஃபெஸ்டிவல் கேட்டா மட்டும், சீவாளி அண்ணன் சொன்ன மாதிரி ஸ்டுடியோவுல உக்காந்து. ரிசால்வ் ஸ்டுடியோவுக்குப் பணம் ஆடிக்கு முன்னாடி சேத்துடுவேன். தம்பியை இப்பவே இலவசப் பதிப்புல ஒரு காதுகுத்து வீடியோவை வெட்டச் சொல்லிட்டேன், அது 8 பிட்தான், பிரச்சினை வராது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஷார்ட்கட்டை பிரீமியர் மாதிரியே மாத்திக்கற வசதி ரிசால்வ்ல உண்டுன்னு காட்டினதும் கொஞ்சம் இறங்கி வந்தான்.

சீவாளி

நல்லது. சவுண்டை மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது ஏஏஎஃப்பா அனுப்புங்க, ஓஎம்எஃப்ங்கற பழைய ஃபார்மட் வேணாம், அது 2 ஜிபிக்கு மேல தாங்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒவ்வொரு க்ளிப்புக்கும் முன்னும் பின்னும் கொஞ்சம் ஹேண்டில் (கூடுதல் நீளம்) விடுங்க, எத்தனை செகண்டுன்னு ஸ்டுடியோவுல முன்னாடியே கேட்டுக்கோங்க. படம் ஆரம்பிக்க 2 செகண்டு முன்னாடி ஒரே ஒரு ஃப்ரேமுக்கு பீப் வைங்க, படத்துலயும் சவுண்டுலயும். பட்டறைல யாரும் ஊதாத நேரத்து அமைதி ஒரு நிமிஷமாவது தனியா பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களா? இல்லேன்னா அடுத்த தடவை நரசிங்கம்பேட்டை போகும்போது மறக்காம எடுத்துடுங்க, பேட்டியை வெட்டின இடத்துல எல்லாம் அது வேணும்.